தவிட்டு அடைக்குக் கிடைத்த பரிசு

நான் நாலாவது படித்த வருஷம் வில்லியனூர்ப் பக்கம் எங்கள் ஊரில் மாதர் சங்கக் கூட்டம் நடந்தது. நம் ஊரில் விளைந்ததைக் கொண்டு, எதையும் வீணாக்காமல் செய்த பலகாரம் எடுத்துவர வேண்டும், கடைச் சாமான் கூடாது என்று சங்கத்து அம்மா வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார். அம்மாவோ பாய் கடையில் ரவையும் சர்க்கரையும் டால்டாவும் வாங்கிக் கேசரி கிண்டித் தூக்குவாளியில் போட்டாள். காரணம், அக்காவைத் தன் மகனுக்குக் கேட்டிருந்த செல்லிப்பட்டு அத்தையும் கூட்டத்துக்கு வருகிறார். வெள்ளிக்கிழமை பூ வைப்பதாகப் பேச்சு.

"பின்னாடியே தூக்க எடுத்தாந்துடு" என்று சொல்லிவிட்டு அம்மா அக்காவோடு முன்னே போனாள்.

எனக்கு எதற்கும் பயம். இன்றைக்கும் பஸ்ஸை விட்டு இறங்குகிற வரை டிக்கெட்டைக் கையிலேயே பிடித்திருப்பேன். கடை ரவை என்று கண்டுபிடித்து மைக்கில் சொல்லிவிட்டால்? அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால்? கேசரியை வேறு சட்டியில் கொட்டி மூடிவிட்டு, காலையில் எங்களுக்குச் சுட்ட தவிட்டு அடையைத் தூக்கில் அடுக்கினேன். மாட்டுக்கு என்று சொல்லி மில்லில் வாங்கும் தவிடு. எங்களிடம் மாடு இல்லை. அம்மா கதவைச் சாத்திக்கொண்டுதான் அதைச் சுடுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

தூக்கைத் திறந்ததும் அம்மா என்னைப் பார்த்தாள். சங்கத்து அம்மா ஒரு துண்டு தின்றுவிட்டு, "தவிட்டக்கூட வீணாக்கல பாருங்க, இதாங்க சத்து" என்று மைக்கில் சொல்லி, முதல் பரிசாக எவர்சில்வர் தட்டு ஒன்று கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அம்மாவும் அக்காவும் மட்டும் தட்டவில்லை. பரிசு வாங்கினவர்கள் தட்டக் கூடாது போலிருக்கிறது என்று நினைத்து நானும் கையை மடக்கிக்கொண்டேன்.

செல்லிப்பட்டு அத்தை என்னைக் கிட்டே கூப்பிட்டு ஓர் அடையைக் கடித்தார்.

"நல்லாத்தான் கீது. எப்பனா செய்வாங்களா கண்ணு?"

"தெனமும் இதான் அத்த. சோறு ராத்திரிக்குத்தான்."

அவர் என் தலையைத் தடவினார்.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. வீட்டில் யாரும் என்னைத் திட்டாதது இன்னும் குழப்பமாக இருந்தது. தவிடு அத்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நானே முடிவு செய்து, சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். கடைசியில் செல்லிப்பட்டிலிருந்து வரும் எங்கள் டீச்சரிடம் கேட்டேன்.

"அந்த அத்தைக்கு வயிறு சரியாயிடுச்சா டீச்சர்?"

"அவங்களுக்கு இன்னா? நேத்து மகன் பரிசத்துல ரெண்டு தரம் சாப்ட்டாங்களே."

எனக்கு உயிர் வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் இந்த நல்ல சேதியை அக்காவிடம் சொல்ல வீட்டுக்கு ஓடினேன்.