கலப்புத் தூரியனும் கந்தையர் வீட்டுச் சம்பந்தமும்

பழக்கடைக்காரனுக்கு எல்லாம் தெரியுமெண்டு நினைச்சுத்தான் சனம் கடைக்கு வருது. அந்த நினைப்பைக் கெடுக்காமல் இருக்கிறதுதான் எங்கடை தொழில். தெரியாத சாமானை "முதல்தரம்" எண்டு வித்துப்போட்டு முழிச்சவையள் உங்களுக்குள்ளையும் இருப்பினம். உங்களுக்கு என்ரை பாடு விளங்கும்.

சண்டைக்கு முந்தி நான் மருதனார்மடச் சந்தியிலை கடை வைச்சிருந்தனான். மலாயாவிலை உத்தியோகம் பாத்துப் பென்சனோடை வந்தவையள் எங்கடை பக்கம் கனபேர். அங்கை திண்டு பழகின தூரியன் எண்ட முள்ளுப்பழத்தை எடுப்பிச்சுத் தா எண்டு ஒரே கரைச்சல். அந்தப் பழத்தை நான் கண்ணாலையும் கண்டதில்லை. ஆனாலும் ஓம் எண்டிட்டன்.

புகை

களுத்துறைப் பக்கம் இருந்த என்ரை மச்சான் ஒரு கடகப்பெட்டி தூரியனைக் கோச்சி ரயிலிலை அனுப்பினான். பாத்தால் பச்சை நிறம், கல்லு மாதிரி. பழுக்கேல்லையாக்கும் எண்டு வாழைக்குலை பழுக்கப்போடுற கிடங்குக் குழியிலை போட்டு மூடி, ரெண்டு நாள் புகையடிச்சன். அது மரத்திலையே பழுத்து விழுந்த பழமெண்டு எனக்கு ஆர் சொன்னது? கிடங்கைத் திறந்தன், சந்தியே மூக்கைப் பொத்திச்சுது. பக்கத்து வெத்திலைக் கடைப் பொன்னம்மாக்கா ஓடி வந்தா.

"தம்பி, செத்ததை முதல்லை புதைச்சிட்டு வா, வியாபாரத்தைப் பிறகு பாப்பம்."

ரெண்டு பென்சனியர்

அடுத்த முறை புகை போடேல்லை. ஈப்போவிலை ஸ்டேசன் மாஸ்டராய் இருந்த கந்தையர் ஒரு பழத்தைக் காதடியிலை வைச்சு ஆட்டிப் பாத்தார். "கூர்முள்ளு, மஞ்சள் சுளை, நாக்கிலை ஒரு கசப்பு. அதுதான் நல்ல சாதி" எண்டார். நான் தலையாட்டினன். அவர் போகப் பினாங்கிலை கிளாக்கராய் இருந்த வேலுப்பிள்ளையர் வந்தார். கட்டைமுள்ளு, வெள்ளைச் சுளை, சீனி மாதிரி இனிப்பு, அதுதான் நல்ல சாதியாம். அதுக்கும் தலையாட்டினன். கந்தையர் சொன்னதை வாய் தவறிச் சொல்லிப்போட்டன். மனுசனுக்கு முகம் சிவந்திட்டுது.

"ஐசே, கசக்கிறதைத் தின்னிறதெண்டால் வேப்பங்கொட்டையைத் தின்னச் சொல்லு அந்தாளை!"

சிவப்பு நூல்

ஒரு மாதத்தாலை கந்தையர் கடைப் பின்பக்கத்தாலை வந்து மெல்லமாய்க் கதைச்சார். தன்ரை மகளுக்கு ரெண்டு சம்பந்தம் பேசிக் குழம்பிப் போச்சு. இப்ப மூண்டாவது, அதே வேலுப்பிள்ளையற்றை மகன். ஞாயிற்றுக்கிழமை பொம்பிளை பாக்க வருகினமாம். வெள்ளைச் சுளை, இனிப்புத்தான் வேணுமெண்டார். கசப்புத்தான் நல்ல சாதியெண்ட பிடிவாதக்கார மனுசன், மகளுக்காக இப்பிடி இறங்கி நிண்டார்.

மச்சானுக்கு எழுதினன். கடிதத்தோடை கடகம் வந்துது. இப்ப ரெண்டு சாதியும் கலந்த மரங்கள் காய்க்குதாம், மரத்துக்கு மரம் வேறையாம். கலப்பிலை முள்ளைப் பாத்துச் சுளையைச் சொல்லேலாதாம். கட்டைமுள்ளுக்குள்ளை மஞ்சளும் இருக்கும், கூர்முள்ளுக்குள்ளை வெள்ளையும் இருக்குமாம். இனிப்புக்கு மட்டும் சிவப்பு நூல் கட்டியிருக்காம். கடகத்தைத் திறந்தால் நூலெல்லாம் அவிண்டு அடியிலை கிடக்கு! எந்தப் பழத்தின்ரை நூல் எது? ஒண்டை உடைச்சுப் பாப்பமெண்டால், உடைச்சதைச் சபையிலை வைக்கேலாது. கந்தையரிட்டை உள்ளதைச் சொன்னன்.

"நீயே வந்து வெட்டு, பிழைச்சால் உன்ரை தலையிலை போட்டிட்டு நான் தப்பிவிடுவன்."

ஞாயிற்றுக்கிழமை

கந்தையர் வீட்டுச் சபையிலை எல்லாத் தெய்வத்தையும் கும்பிட்டு ஒரு கட்டைமுள்ளுப் பழத்தைப் பிளந்தன். மஞ்சள்! வேலுப்பிள்ளையர் ஒரு சுளையை வாயிலை வைச்சார். முகம் கோணிச்சுது. "கசக்குது" எண்டார். கந்தையர் வேர்த்துக்கொண்டு, "இல்லை, இல்லை, இனிப்புத்தான், முதல் கடியிலை அப்பிடித்தான் இருக்கும்" எண்டு வாய் கூசாமல் பொய் சொன்னார். நானும் "ஓம், முதல்தரம்" எண்டன்.

தேத்தண்ணித் தட்டோடை வந்த கந்தையற்றை பிள்ளை நிமிர்ந்து பாத்துது. "மாமா, அது கசப்புத்தான். ஐயாவுக்குக் கசப்புத்தான் பிடிக்கும். ஆனா உங்களுக்கெண்டு ஒரு கிழமையாய் இனிப்புத் தேடித் திரிஞ்சவர். இந்த அண்ணைக்கும் எது எதெண்டு தெரியேல்லை" எண்டுது. கந்தையர் கண்ணை மூடிக்கொண்டார். இதுவும் போச்சுது எண்டு நினைச்சன். வேலுப்பிள்ளையர் பிள்ளையைப் பாத்தார், கந்தையரைப் பாத்தார், மிச்சச் சுளையை எடுத்து முழுசாய்ச் சாப்பிட்டு முடிச்சார்.

"பிள்ளை வாய் நிறைய மாமா எண்டிட்டா; இனிக் கசந்தாலென்ன, இனிச்சாலென்ன, கலியாணத்துக்கு நல்ல நாளாய்ப் பாருங்கோ."

கலியாணம் நல்லாய் நடந்துது, ஆனா அண்டைக்கு நான் வெட்டினது எந்தச் சாதியெண்டு ரெண்டு சம்பந்தியும் ஆளுக்கொரு பேர் சொல்லுகினம், எனக்கு இண்டைக்கும் தெரியாது.