விலகிப் போனவரும் விலைபோனவளும்

நான் ஒரு மனிதரைத் துரோகியாக்கினேன். அவர் இறந்து நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டதால் அவருக்கு நட்டமில்லை. ஆனால் அவரைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தவள் உயிரோடு இருக்கிறாள். இங்கே நோர்வேயில், மோர்டென்ஸ்ருட்டில், என் வீட்டிலிருந்து நான்கு வாசல் தள்ளி.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஸ்பானியரிடமிருந்து சிலி நாட்டை மீட்ட தளபதி, பிறகு அதை ஆண்டவர் என்ற அளவில் தெரிந்துகொள்ளுங்கள்.

அவள் பெயர் கௌரி. முதியோர் இல்லமொன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. கூட வேலை செய்த றோசா சிலியிலிருந்து அகதியாக வந்தவள். சாப்பாட்டு இடைவேளைகளில் றோசா தன் நாட்டுத் தளபதியின் கதையை உடைந்த நோர்வேஜிய மொழியில் சொல்லுவாள். கௌரி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தமிழில் எழுதுவாள். இங்குள்ள தமிழர் நடத்தும் எங்கள் மாத இதழில் அது தொடராக வந்தது.

நான் யார் என்று கேட்கிறீர்களா? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் இலக்கண ஆசிரியை. அந்த இதழைத் தட்டச்சு செய்து பிழை திருத்துபவளும் நானே. ஒன்பது வருடங்களாக அதில் கட்டுரை எழுதினேன். ஒரு சந்திப்பிழை காட்ட முடியாது உங்களால்! ஒருவராவது படித்ததாகச் சொன்னதும் இல்லை.

கௌரியோ பள்ளியைப் பல்லி என்று எழுதுகிறவள். ஆனாலும் என்ன எழுத்து அது... தகப்பன் முகத்தையே பார்க்காமல் வளர்ந்த பிள்ளையாக அவரை முதல் அத்தியாயத்தில் அறிமுகம் செய்தாள். போருக்குப் போகிறவனுக்கும் பசிக்கும், குளிரும் என்று எழுதினாள். தெரியாத தேசத்து மனிதர் எங்கள் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

என் கட்டுரை வந்த பக்கத்தில் தேநீர்க் கோப்பையை வைக்கும் என் கணவர், கௌரியின் தொடரை நின்றபடியே படித்தார். "அடுத்தது எப்ப வருமாம்? மனுசன் படையோட மலையைத் தாண்டீட்டாரோ?" என்று என்னிடமே கேட்டார்.

எனக்கு எரிந்தது. வேறு நல்ல சொல் தேடி உங்களை ஏமாற்ற மாட்டேன். வயிறு எரிந்தது.

தளபதி பதவி துறக்கும் அத்தியாயம் வந்தது. சபை நடுவே பதவிச் சின்னத்தைத் தாமே கழற்றி வைத்தார். தம்மேல் குறையுள்ளவர்கள் வந்து பழி தீர்த்துக்கொள்ளட்டும் என்று நெஞ்சைத் திறந்து காட்டினார். பிறகு அண்டை நாட்டுக்குக் கப்பலேறினார். கௌரியின் கடைசி வரி இது: 'இனி இரத்தம் சிந்த வேண்டாமென்று அவர் விலகிப் போனார்.'

என் தட்டச்சில் அது 'அவர் விலைபோனார்' என்று விழுந்தது.

விரல் தவறியதா? இருக்கலாம்... ஆனால் கண் தவறவில்லை. அச்சுக்கு முந்திய தாளில் அந்த வரியை மூன்று முறை படித்தேன். அதற்கு மேல் வரியில் விடுபட்டிருந்த ஒரு புள்ளியைச் சிவப்புப் பேனாவால் வைத்தேன். பிறகு பேனாவை மூடினேன்.

சிரிப்பார்கள், அவ்வளவுதான் என்று எண்ணினேனா? பொய். அது ஊர்ப் போரை நிறுத்தச் சமாதானம் பேசிய காலம். யார் விலைபோனார், யார் போகப்போகிறார் என்பதைத் தவிர எங்கள் ஆட்களுக்கு அப்போது வேறு கதை இல்லை. இரத்தம் வேண்டாமென்றவர் விலைபோனார் என்று எழுதினால் அது யாரைச் சுடும் என்பது இலக்கண ஆசிரியைக்கா தெரியாது?

தூரத்துத் திராமன் நகரிலிருந்துகூட அவளுக்குத் தொலைபேசி வந்தது. "ஆரைக் குத்திக் காட்டுறீர்?" என்று கேட்டார்கள். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் தெரிந்த முகங்கள் திரும்பிக்கொண்டன. இதழ்க்காரர் தொடரை நிறுத்தினார்கள்.

கௌரி என் வீட்டுக்கு வந்தாள். சண்டை பிடிக்க வருகிறாள் என்று பயந்தேன். பிடித்திருக்கலாமே...

"ரீச்சர், நான்தான் பிழையா எழுதியிருப்பன். என்னால உங்களுக்கும் கெட்ட பேர். நான் எழுதித் தந்த தாள் இருந்தால் ஒருக்காப் பாப்பம்."

"எறிஞ்சுபோட்டன்" என்றேன்.

தாள் மேசை இழுப்பறையில் இருந்தது. அதன்மேல்தான் என் முழங்கையை ஊன்றியிருந்தேன். அவளுடைய நீலப் பேனா எழுத்தில், ஒரு பிழையுமில்லாமல், 'விலகிப் போனார்.' இப்போதும் அங்கேயே இருக்கிறது.

ஊர் திரும்ப ஆசைப்பட்டு, திரும்பாமலே அந்தத் தளபதி செத்தார். எலும்புகளைத்தான் பின்னர் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கௌரி அதை எழுதவில்லை. அதன்பின் எதையுமே எழுதவில்லை. தமிழில் அவர் இன்னும் கப்பலில்தான் நிற்கிறார். அவர் பதவியையே விட்டு விலகினார். இருபது பக்க இதழில் ஒரு பக்கம் விலகிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை!

போன வருடம் கௌரி மறுபடி வந்தாள். பெரியவளான மகளின் சாமத்தியவீட்டு அழைப்பிதழைக் கையால் எழுதிக் கொண்டுவந்திருந்தாள்.

"ஒருக்காப் பாருங்கோ ரீச்சர். என்ர எழுத்தை நான் நம்பிறேல்லை."

எட்டு வரிகள். படித்தேன். ளகரங்கள் எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. பிழை இல்லை. அதைச் சொல்ல ஒரு நொடி போதும். அதோடு இழுப்பறையையும் திறந்திருக்கலாம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பிழையும் இல்லையே என்ற பொறாமை, அத்தனை வருடம் கழித்தும், அதே இடத்தில் எரிந்தது.

சிவப்புப் பேனாவைத் திறந்தேன். தேவையில்லாத ஓர் இடத்தில் காற்புள்ளி வைத்துக் கொடுத்தேன்.

"நல்லகாலம், உங்களிட்டைக் காட்டினது" என்றாள் கௌரி.

அழைப்பிதழ் அந்தக் காற்புள்ளியோடு அச்சானது. முதல் பிரதியை எனக்குத்தான் தந்தாள்.