செருப்பில்லாத இருபத்தொரு நாள்

ரஞ்சிதம் ஓட ஆரம்பித்தபோது அவளுக்கு வயது முப்பத்தாறு. அதற்கு முன் அவள் ஓடியதெல்லாம் லோக்கல் ரயிலைப் பிடிக்க மட்டும்தான்.

திருத்தணியில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. ஊரில் யார் எந்த வேலைக்கு மனுப் போட வந்தாலும் கம்ப்யூட்டரில் தட்டிக் கொடுப்பவள் அவள்தான். அப்படி ஒருநாள் யாரோ ஒரு பெண்ணுக்குப் போலீஸ் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஆதரவற்ற விதவைகளுக்கு முப்பத்தேழு வயதுவரை இடமுண்டு என்ற வரி கண்ணில் பட்டது. அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டுத் தன் பெயருக்கும் ஒன்று தட்டினாள். கடை ஓனருக்குக்கூடச் சொல்லவில்லை.

எழுத்துத் தேர்வில் பாஸாவாள் என்று அவளே நினைக்கவில்லை. ஆனாள். அடுத்தது உடல் தகுதித் தேர்வு. நானூறு மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓட வேண்டும். இருபது வயசுப் பெண்ணுக்கு அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. பன்னிரண்டு வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்தே இடுப்பு பிடித்துப்போன ரஞ்சிதத்துக்கு அது மலை. இந்தத் தடவை விட்டால் அடுத்த அறிவிப்பு வரும்போது வயது தாண்டியிருக்கும். இன்னொரு தடவை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்பதாவது படிக்கும் மகள் அபியைக் கரையேற்ற, ஜெராக்ஸ் கடையை விட்டால் அவளுக்கு வேறு வழியும் இல்லை.

முதல் தப்பு ஷூவில் ஆரம்பித்தது. அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே சைஸ் கால். அபியின் கறுப்பு ஸ்கூல் ஷூவை மாட்டிக்கொண்டு, சுடிதார் பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, காலை ஐந்தரைக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் போய் நின்றாள். மைதானத்தில் ஓட வரும் ஆட்கள் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று ஓடினாள். முதல் நாளே நாலு சுற்று. ஐந்தாவது நாள் எட்டுச் சுற்று. பத்தாவது நாள் முட்டிக்குக் கீழே, முன்கால் எலும்பு நெடுக வலி பிடித்துக்கொண்டது. படியிறங்கினால் உயிர் போயிற்று.

அதே தேர்வுக்கு ஓடிப் பழகிக்கொண்டிருந்த தேவிப்பிரியாதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வயது. பயம் என்பதே தெரியாத பெண்.

"இன்னாக்கா, பொண்ணு ஷூவா இது? அடி கட்ட மாதிரி கீது. இதப் போட்டுக்கினு ஓடுனா எலும்புதான் அடி வாங்கும்."

"ஷூன்னா ஷூதானே?"

"ஆங்... லாரியும் வண்டிதான், ஸ்கூட்டியும் வண்டிதான். சாயங்காலம் வாங்க, ஒரு கடைக்கு இட்டுகினு போறேன்."

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஜெயப்பிரகாஷின் கடை. ஒரு காலத்தில் ராணுவத் தேர்வுக்கு ஓடி, முட்டியைக் கெடுத்துக்கொண்டு, கடைசியில் ஷூ விற்க உட்கார்ந்தவன். ரஞ்சிதம் கண்ணாடி அலமாரியில் இருந்த ரோஸ் கலர் ஜோடியைக் காட்டினாள்.

"கலரா ஓடப்போவுது? நீங்கதானே ஓடணும்" என்றான் அவன். அவளை நிற்கவைத்து இரண்டு காலையும் அளந்தான். "சாயங்காலமா வந்தீங்களே, அது நல்லது. காலையில கால் சின்னதா இருக்கும், பொழுது சாய ஊதிடும். அப்ப சரியா இருந்தாத்தான் சரி." நாலு ஜோடி மாட்டிக் கழற்றினான். விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தான். குதிகால் வழுக்குகிறதா என்று கடை வாசல்வரை ஓடிவிட்டு வரச் சொன்னான். புடவைக் கடையில் மூன்று மணி நேரம் உட்காருவதில் வெட்கப்படாத ரஞ்சிதம், ஒரு ஷூவுக்கு அரைமணி நேரம் ஆனதற்கு வெட்கப்பட்டாள். கடைசியில் ஒரு சாம்பல் நிற ஜோடி காலில் பொருந்தியது. கால் வைத்ததும் தரை மெத்தென்று இருந்தது.

"ரெண்டு வாரம் ஓடாதீங்கக்கா, நடங்க. அப்புறம் மண்ணுல மட்டும் ஓடுங்க, தார் ரோடு வேணாம். வாரத்துக்கு ஒரு சுத்துக்கு மேல ஏத்தாதீங்க. எலும்பு நெடுக வலிச்சா அது அடங்கிடும். ஒரே எடத்துல வெரல் வெச்சா குத்துச்சுன்னா மட்டும் அன்னிக்கே நிறுத்திட்டு டாக்டர் கிட்ட போயிடுங்க" என்றான் ஜெயப்பிரகாஷ், அவள் வலியை விசாரித்துவிட்டு.

சொன்னபடி கேட்டாள். ரஞ்சிதம் சொன்னபடி கேட்கிற ஜாதிதான். வலி அடங்கியது. மறுபடி ஓட ஆரம்பித்தபோது நானூறு மீட்டருக்கு மூன்று நிமிடம் ஆனது. பிறகு இரண்டே முக்கால். ஆனி கடைசியில் ஒருநாள் தேவிப்பிரியா போனில் நேரம் பார்த்துவிட்டுக் கத்தினாள். இரண்டு நிமிடம் இருபத்திரண்டு வினாடி. ரஞ்சிதம் மண்ணில் உட்கார்ந்து சிரித்தாள். இந்த வேலை தனக்குக் கிடைத்தே விடும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நம்பினாள்.

அன்றைக்கே பயமும் வந்தது. இழப்பதற்கு ஒன்று கைக்கு வந்துவிட்டதே.

அவள் கணவன் பாலமுருகன் செத்து நாலு வருஷம் ஆகிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க மாலை போட்டிருந்தான். மாலை போட்டவன் காலில் செருப்பு போடக் கூடாது என்பது வழக்கம். ஆனால் அவன் வேலை பார்த்த கம்பெனியில் பாதுகாப்பு பூட்ஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். கேட்டில் பூட்ஸை மாட்டிக்கொள்வான், வெளியே வந்ததும் கழற்றிவிடுவான். ஒன்பதாம் நாள் ஷிப்ட் முடிந்த அசதியில் கழற்ற மறந்து பைக்கில் கிளம்பியிருக்கிறான். கனகம்மாசத்திரம் தாண்டி ஒரு லாரி அடித்துவிட்டது. உடம்பு பூட்ஸோடு வீட்டுக்கு வந்தது.

அவனுடைய அக்கா நிர்மலா, பக்கத்துப் போர்ஷனில் இருப்பவள், அன்றைக்குச் சொல்லி அழுதது ஒன்றுதான். "மாலைய போட்டுக்கினு பூட்ஸ மாட்டினானே, தெய்வம் பாக்காம இருக்குமா?" நல்ல பெண்தான். ரஞ்சிதம் வேலைக்குப் போன நாளெல்லாம் அபிக்குச் சோறு போட்டு வளர்த்தவள். ஆனால் அந்தப் பேச்சை மட்டும் விடவில்லை. "பிரேக் புடிக்காத லாரி அண்ணி, பூட்ஸ் இன்னா பண்ணும்?" என்று நாலு வருஷமாக ரஞ்சிதமும் விடாமல் சண்டை போட்டாள்.

வாயால் சண்டை போட்டவள்தான், ஆடி பிறந்ததும் யாரும் சொல்லாமல் மலைக்குப் போய், இருபத்தொரு நாள் விரதம் என்று மாலையைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். வேலை கிடைக்க வேண்டும், அவன் வைத்த குறையும் தீர வேண்டும். செருப்பு கிடையாது. ஷூவும் கிடையாது. நாலு பேருக்கு மனு எழுதிக் கொடுக்கிறவள் இப்படிச் செய்யலாமா என்று கேட்கலாம். கேட்கிறவர்களுக்கு இழக்க வேறு ஏதாவது மிச்சம் இருக்கும். அவளுக்கு இது ஒன்றுதான் இருந்தது.

மாலை போட்டவள் ஓடாமல் இருந்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. தேவிப்பிரியா படித்துப் படித்துச் சொன்னாள்.

"வெறுங்கால்ல ஓடணும்னு சாமி கேட்டுச்சாக்கா? மால எறக்குற வரிக்கும் நடங்க. அதுவே போதும்."

"நிறுத்துனா மூச்சு வுட்டுப் போயிடும்டி. இவ்ளோ நாள் பட்ட பாடெல்லாம் வீணா?"

முதல் வாரம் மைதானத்து மண்ணில் ஓடினாள். உள்ளங்கால் கொப்பளித்தது, பரவாயில்லை. அப்புறம் கிருத்திகைக் கூட்டத்துக்காக மைதானத்தைப் பஸ் நிறுத்த எடுத்துக்கொண்டார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான், அவளுக்கு ஞாபகம் வரவில்லை. வேறு வழியின்றிப் பைபாஸ் தார் ரோட்டில் ஓடினாள். மூன்றாம் நாள் வலது முன்காலில் பழைய வலி எட்டிப் பார்த்தது. ஆறாம் நாள் அது ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்தது. குளிக்கும்போது விரலால் தடவிப் பார்த்தாள். புளியங்கொட்டை அளவு இடம். அழுத்தியதும் கண் இருட்டியது.

அதன்பிறகு அந்த இடத்தில் விரல் வைப்பதையே விட்டுவிட்டாள்.

ஜெயப்பிரகாஷ் சொன்னது மறந்துபோகவில்லை. மாலை போட்டவளுக்கு வலி வருவது சோதனைதான், தாங்கினால் போய்விடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பாலமுருகன் தாங்கவில்லை, நான் தாங்குகிறேன் என்றும் ஒரு நினைப்பு உள்ளுக்குள் இருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

கிருத்திகையன்று மஞ்சள் சேலை கட்டி, சரவணப் பொய்கையில் குளித்து, தோளில் பூக்காவடியோடு படி ஏறினாள். முன்னும் பின்னும் அரோகரா சத்தம். ஒவ்வொரு படிக்கும் வலது கால் அவளைக் கீழே இழுத்தது. நிர்மலா கூடவே தண்ணீர் பாட்டிலோடு ஏறினாள். மேலே போய்க் காவடியை இறக்கியதும் நிர்மலா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "என் தம்பி கொறைய தீத்துட்ட ரஞ்சி" என்றாள். ரஞ்சிதத்துக்கும் அழுகை வந்தது. காலாலா மனசாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

பத்து நாள் கழித்துத் தேர்வு. அந்தப் பத்து நாளும் ஓடவில்லை, மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். வலி குறைந்த மாதிரி இருந்தது. மைதானத்து வாசலில் நிர்மலாவையும் அபியையும் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஷூவின் லேஸை இரண்டு தடவை அவிழ்த்து இரண்டு தடவை கட்டினாள். அவளோடு வரிசையில் நின்றதெல்லாம் தேவிப்பிரியா வயசுப் பெண்கள். ஒருத்தி "ஆல் த பெஸ்ட்டுங்க ஆன்ட்டி" என்றாள்.

விசில் ஊதியதும் ஓடினாள். நன்றாகவே ஓடினாள். இருநூறு மீட்டரில் மூன்று பெண்கள் அவளுக்குப் பின்னால் இருந்தார்கள். கடைசி வளைவு திரும்பியபோது கோடு கண்ணுக்குத் தெரிந்தது. எண்பது மீட்டர் இருக்கும். அப்போது வலது காலுக்குள் ஏதோ படக்கென்று விட்டது. சத்தம் அவளுக்கே கேட்டது. முகம் குப்புற விழுந்தாள்.

எழுந்தாள். இடது காலால் தத்தினாள். மறுபடி விழுந்து, மறுபடி எழுந்து, கடைசிப் பத்தடியைக் கையையும் முட்டியையும் ஊன்றித் தவழ்ந்தே கடந்தாள். நேரம் குறிக்கிற போலீஸ்காரர் ஸ்டாப்வாட்ச்சைக் காட்டினார். மூன்று நிமிடம் நாற்பது வினாடி. "ஸாரிம்மா" என்றார்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். மறுநாள் காலை சின்ன வயது டாக்டர் ஒருவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எலும்புல கீறல் ஏற்கெனவே இருந்திருக்கு. எப்பலருந்தும்மா வலி?"

"நேத்துலருந்து."

"பொய் சொல்றீங்க. இது பழசு. வலி ஆரம்பிச்சப்பவே பத்துப் பதினஞ்சு நாள் ஓடாம இருந்திருந்தீங்கன்னா இவ்ளோ தூரம் வந்திருக்காது."

ரஞ்சிதம் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். தன்னை வெட்டிப் போட்டாலும் தகும் என்று தோன்றியது. பதினைந்து நாள். அதைக் கொடுக்கத் தெரியாமல் மிச்ச வாழ்க்கையைக் கொடுத்துவிட்டாள். கட்டிலருகே நிர்மலா மூக்கைச் சிந்தினாள்.

"இந்த தபா ஒரு கொறையும் வெக்கலியே ரஞ்சி நீ. எல்லாம் சரியாத்தானே செஞ்ச. அப்புறம் ஏன்?"

நாலு வருஷச் சண்டைக்கு அந்த ஒரு கேள்வியே பதில். அதை எடுத்துச் சொல்ல ரஞ்சிதம் வாயைத் திறந்தாள். அப்போது அபி இளநீரோடு உள்ளே வந்தாள். ஸ்கூல் யூனிபார்ம், ரெட்டைச் சடை. ஆஸ்பத்திரித் தரையில் அவள் நடந்து வந்த சத்தமே கேட்கவில்லை. ரஞ்சிதம் கீழே பார்த்தாள்.

"செருப்பு எங்கடி?"

அபி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ரஞ்சிதம் நிர்மலா பக்கம் திரும்பினாள். "அண்ணி, இவகிட்ட இன்னா சொன்னீங்க?"

"ஐயோ, நான் ஒண்ணும் சொல்லல. எனுக்கே தெரியாது" என்று நிர்மலா எழுந்துவிட்டாள்.

"அத்த ஒண்ணும் சொல்லல" என்றாள் அபி. "நானாத்தான் வேண்டிக்கினேன். நீ நடக்குற வரிக்கும்."

"அபி, எனக்கு ஒடஞ்சதே அதனாலதான்டி. வேணாம். போய் போட்டுக்கினு வா."

"அப்படி எல்லாம் பேசாதம்மா" என்று பயந்துபோய் அவள் வாயைப் பொத்தினாள் அபி. "உனுக்குக் கால் சரியாகட்டும்."

ரஞ்சிதம் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தாள். முடியவில்லை. மகள் இளநீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். வெளியே ஆடி முடிந்தும் வெயில் குறையவில்லை, பஸ் ஸ்டாண்டுவரை தார் ரோடுதான். "யாராவது அவள நிறுத்துங்க" என்று ரஞ்சிதம் கத்திக்கொண்டே இருந்தாள்.