நடுவர் நாற்காலியும் கடைசி பெஞ்சும்

கடலூரில் விவசாயம் செய்கிறவர்களில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஓர் உரக்கடையில் மூட்டை தூக்கப் போனேன். பிறகு எடை போட்டேன், கல்லாவில் உட்கார்ந்தேன், கடைசியில் அந்தக் கடையையே வாங்கினேன். இன்று திருப்பாதிரிப்புலியூரில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று என்று இரண்டு கடைகள். செம்மண்டலத்தில் மாடி வீடு. யார் தயவும் இல்லாமல் வந்தவன் என்று மேடைகளில் நானே சொல்லியிருக்கிறேன். அந்தப் பேச்சில் இப்போது ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மேடை என்றவுடன் அரசியல்வாதி என்று சந்தேகப்படாதீர்கள். எங்கள் மாதா கோயில் தேர்த் திருவிழா ஆகட்டும், பக்கத்துத் தெரு மாரியம்மன் கோயில் செடல் உற்சவம் ஆகட்டும், பட்டிமன்றம் என்றால் என்னைத்தான் நடுவராகக் கூப்பிடுவார்கள். குடும்பம் செழிக்கக் காரணம் கணவனா மனைவியா, நிம்மதி இருப்பது கிராமத்திலா நகரத்திலா, எதுவாக இருந்தாலும் சரி. நடுவர் வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. தீர்ப்புக்கு இரண்டு பக்கமும் கைதட்ட வேண்டும். தோற்ற அணிக்காரன் வீட்டுக்குப் போகும்போது தானும் பாதி ஜெயித்ததாக நினைக்க வேண்டும். இதில் என்னை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை.

என் இளைய மகள் சிதம்பரத்தில் தங்கி விலங்கியலில் முதுகலை வரை படித்தாள். எங்கள் வம்சத்திலேயே அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள். இப்போது செம்மண்டலத்தில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறாள். அந்தப் பள்ளிக்குக் குடிதண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தவன் நான்தான். கல்வெட்டு இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

போன வருஷம் தீபாவளி முடிந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்தான். டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். எங்களோடு பூசைக்கு வந்துகொண்டிருந்தவன், சில வருஷங்களாக ஒரு ஜெபக்கூடத்துக்குப் போகிறான். அவன் பையன் என் மகளின் வகுப்பில்தான் படிக்கிறான். சோற்றில் கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தான்.

“மாமா, உம் பொண்ணு அடுத்த வாரம் எம் புள்ளைக்கு குரங்குலேர்ந்து மனுசன் வந்தான்னு சொல்லிக் குடுக்கப் போவுதாம். அப்ப ஆண்டவர் மண்ணப் பிசைஞ்சு மூச்சு ஊதினதெல்லாம் என்னா கணக்கு?”

“பாடத்துல இருக்குது, நடத்துது. அது என்னா பண்ணும் மச்சான்?”

“பாடத்துல ஆயிரம் இருக்கும். எங்க சபையில நெறய பேரோட புள்ளைங்க அங்கதான் படிக்குது. எல்லாரும் டிசி வாங்கிட்டுப் போயிடுவோம்.”

மகள் அப்பளத் தட்டோடு வந்து நின்றாள். “குரங்குலேர்ந்து மனுசன் வந்தான்னு பாடத்துல எங்கயுமே இல்ல மாமா. படிச்சுட்டு சண்டைக்கு வாங்க.”

“சண்டைக்கு வரல கண்ணு. கறி சாப்ட வந்தேன். அப்டியே சொல்லிட்டுப் போறேன்.”

சொன்னதோடு நிற்கவில்லை. நாலைந்து பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு பள்ளித் தாளாளரிடமும் போனான். தாளாளர் நெற்றி நிறைய நாமம் போடுகிறவர், நல்ல மனிதர், யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாதவர். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“எங்களுக்கு இதுல ஒரு சங்கடமும் இல்லீங்க. மீனு, ஆமை, பன்னி, அப்புறம் பாதி சிங்கம் பாதி மனுசன், அப்புறம் முழு மனுசன். தசாவதாரத்துலயே எல்லாம் வந்துடுச்சு. ஆனா டிசி கேட்டு வரிசையா நின்னா நான் என்னா பண்றது?”

அவரே வழியும் சொன்னார். அந்தப் பாடத்தை இப்போதைக்கு நிறுத்தி வைப்பது. ஆண்டு விழாவில் பட்டிமன்றம் வைப்பது. மனிதன் படைக்கப்பட்டவனா, பரிணமித்தவனா? தீர்ப்பைப் பார்த்துவிட்டு, பாடத்தை நடத்துவதா, பிள்ளைகளே வீட்டில் படித்துக்கொள்வதா என்று முடிவு செய்வது. நடுவர் நான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைவிட நியாயமான வழி தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வரும் வழியிலேயே தீர்ப்பைத் தயார் செய்துவிட்டேன். கடவுள் குரங்கைப் படைத்தார், குரங்கு மனிதனைப் படைத்தது. இரண்டு பக்கமும் கைதட்டல் கூரையைப் பிய்க்கும். மகளிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. “கைதட்டு எந்தப் பக்கம் ஜாஸ்தியோ அதான் உண்மையாப்பா? ஏழெட்டு எவ்ளோன்னு நாளைக்கு பட்டிமன்றம் வெக்கறாங்கன்னு வெச்சுக்குங்க. ஒரு அணி அம்பத்தி நாலுன்னுது, ஒரு அணி அம்பத்தி ஆறுன்னுது. நீங்க அம்பத்தி அஞ்சுன்னு தீர்ப்பு சொல்லுவீங்களா, ரெண்டு பேரும் சந்தோஷமா போவட்டும்னு?”

“கணக்கு வேற, இது வேற.”

“பட்டிமன்றம் நடந்துச்சுன்னா நான் அந்த கிளாஸ்ல நிக்க மாட்டேன். வேலைய விட்டுடறேன்.”

அதற்குப் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். “அப்பாவ சாப்பிட வரச் சொல்லும்மா” என்று என் எதிரிலேயே அம்மாவிடம் சொல்லுவாள். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு பார்த்தவனுக்கு ஒரு பாடப்புத்தகத்துக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாதா என்ற நினைப்பு. பள்ளியில் அழைப்பிதழும் என் போட்டோவோடு அச்சாகி வந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை நான் சிதம்பரம் கடைக்குக் கிளம்பும்போது, அங்கே ஒரு தோழியைப் பார்க்க வேண்டும் என்று அவளும் கிளம்பினாள். தனியாக பஸ்ஸில் போவேன் என்றவளை என் மனைவிதான் காரில் ஏற்றிவிட்டாள். சிதம்பரம் வரை காரில் ஒரு பேச்சு இல்லை. மதியம் தோழியைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்து, மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்த விவசாயி வந்தார்.

வீராணம் தண்ணீர் பாய்கிற நிலம் அவருக்கு. பல வருஷ வாடிக்கை. காலி மருந்து பாட்டில் ஒன்றைக் கல்லா மேசையில் டொக்கென்று வைத்தார்.

“மொதலாளி, ஒங்க மருந்தக் குடிச்சுட்டு புகையான் நல்லா கொழுத்து நிக்குது. மீசை மொளைக்காததுதான் பாக்கி.”

புகையான் என்பது நெல்லின் அடித்தண்டில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் பூச்சி. விட்டால் வயல் நெருப்புப் பட்டதுபோலக் கருகிவிடும்.

“என்னா சொல்ற?” என்றேன்.

“தண்ணி கலந்துட்டீங்களான்னு கேக்கறேன்.”

கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் கடையில் கலப்படம் என்று அதுவரை எவரும் சொன்னதில்லை. நான் சம்பாதித்ததில் வீடு, கடையெல்லாம் அப்புறம்தான், அந்தப் பெயர்தான் முதல். சொல்லப்போனால் எனக்கே அந்தச் சந்தேகம் சில வருஷங்களாக இருந்தது. முன்பெல்லாம் பேச்சில்லாமல் கேட்ட மருந்து இப்போது ஏன் கேட்பதில்லை? கம்பெனி ஆள் வரும்போதெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன். அவனும் சத்தியம் செய்வான். இப்போது பழி என் தலையில். கல்லாவை விட்டு எழுந்தேன். கை வைத்திருந்தாலும் வைத்திருப்பேன்.

“பெரியப்பா, இதே மருந்த எத்தன வருஷமா அடிக்கிறீங்க?” என்று என் மகள் கேட்டாள்.

“எப்பவும் இதான் பாப்பா. கேக்கற மருந்த ஏன் மாத்தணும்?”

“கேக்கலன்னா?”

“ரெண்டு மூடி ஜாஸ்தி ஊத்துவேன். போன வருஷம் மூணு.”

இந்தப் பக்கத்தில் எல்லோருடைய பழக்கமும் அதுதான். மருந்து கேட்கவில்லையா, மருந்தை மாற்ற மாட்டார்கள், மூடியை ஏற்றுவார்கள்.

“மருந்து மாறல பெரியப்பா. பூச்சிதான் மாறிடுச்சு,” என்றாள் மகள். “ஒரு வயல்ல அத்தன பூச்சி இருக்குது. அதுல ஒண்ணு ரெண்டு, பொறக்கும்போதே இந்த மருந்தத் தாங்கற ஒடம்போட பொறந்திருக்கும். நீங்க அடிச்சீங்க. மத்ததெல்லாம் செத்துடுச்சு. அந்த ஒண்ணு ரெண்டு முட்ட போட்டுச்சு. குஞ்சுங்களுக்கும் அதே ஒடம்பு. அடுத்த வருஷம் திருப்பி அதையே அடிச்சீங்க. தாங்காதது போச்சு, தாங்கறது பெருகுச்சு. இப்ப வயல் முழுக்க அதோட வம்சந்தான்.”

“மருந்து குடிச்சுக் குடிச்சுப் பழகிடுச்சுன்னு சொல்லு.”

“இல்ல. ஒரு பூச்சியும் பழகல. பழகறதுக்குள்ள செத்துடும். முன்னாடியே தாங்கற ஒடம்போட இருந்தது மட்டும் தப்பிச்சு நிக்குது.”

அவர் பாட்டிலை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “அப்ப வெதநெல்லுக்கு நான் நல்ல கதிரா பாத்து ஒதுக்கற மாதிரி, புகையான்லயும் நல்ல புகையானா பாத்து ஒதுக்கி வளத்துருக்கேன்.”

“அதேதான். ஆனா தெரியாம பண்ணிட்டீங்க.”

“எம் பொண்டாட்டி கேட்டா ஒரு மாசத்துக்கு சிரிப்பா” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “கோச்சுக்காதீங்க மொதலாளி. வேற மருந்து குடுங்க” என்றார். வயலில் நிற்கும் தண்ணீரை முதலில் வடிக்கச் சொல்லி, வேளாண்மை ஆபீசில் கேட்டு வேறு வகை மருந்தாக வாங்கச் சொன்னாள் மகள். பாட்டிலை மேசையிலேயே விட்டுவிட்டு அவர் போனார். என் பெயர் என்னிடமே இருந்தது.

நான் உட்கார்ந்தேன். பேசாமல் இருப்பது என்ற ஒப்பந்தத்தை நான்தான் முதலில் உடைத்தேன்.

“இதெல்லாம் எம்.எஸ்சி.யில படிச்சதா?”

“பத்தாங்கிளாஸ் பாடம்பா. நீங்க நடுவரா ஒக்காந்து தீர்ப்பு சொல்லப்போறீங்களே, அந்தப் பாடம்.”

திரும்பும்போது செம்மங்குப்பம் தாண்டும் வரை யோசித்தேன். அந்த விவசாயியின் வயலில் நடந்ததற்கு நான் என்ன தீர்ப்புச் சொல்ல முடியும்? யார் எவ்வளவு கைதட்டினாலும் புகையான் சாகாது. பாதி செத்தது, பாதி சாகவில்லை என்று இரண்டு அணிக்கும் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. காரை ஓரமாக நிறுத்தித் தாளாளருக்குப் போன் போட்டேன்.

“நடுவர் வேலைக்கு நான் வரலீங்க.”

“ஒங்க போட்டோவோட அடிச்சாச்சுங்களே.”

“போட்டோ இருக்கட்டும். தலைப்ப மாத்துங்க. சாம்பாரா ரசமான்னு வைங்க, வந்து கலக்கறேன். பாடத்தப் புள்ளைங்களுக்கு நடத்தட்டும். சந்தேகம் இருக்கற பெத்தவங்க கடைசி பெஞ்சுல வந்து ஒக்காரட்டும். டிசி கேக்கறதா இருந்தா பாடத்தக் கேட்டப்புறம் கேக்கட்டும்.”

“யாரும் வரலன்னா?”

“நான் வரேன். எம் மச்சானக் கூட்டிட்டு வரேன்.”

பக்கத்து சீட்டில் என் மகள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரிப்புதான்.

மச்சானை வரவழைத்தது நான் அல்ல, என் மனைவி. “பாடத்தக் கேக்கலன்னா ஞாயித்துக்கெழம கறி கெடையாது” என்று தம்பிக்குப் போனில் சொல்லிவிட்டாள்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நேராகப் பத்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அப்படி யாருக்கு வாய்க்கும்? பெஞ்சு சின்னது, என் உடம்பு பெரியது. மச்சான் பாதி வெளியே தொங்கினான். வேறு சில பெற்றோரும் வந்திருந்தார்கள். மகள் சிதம்பரத்திலிருந்து எடுத்து வந்த அந்தக் காலி பாட்டிலை நன்றாகக் கழுவி மேசைமேல் வைத்துப் பாடத்தை ஆரம்பித்தாள். பூச்சி, மீனின் துடுப்பு, வௌவாலின் இறக்கை எலும்பு, நம் கை எலும்பு என்று போனது. எல்லாம் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். முக்கால்வாசி புரிந்தது. என் வயதுக்கு அது ஜாஸ்தி.

முடிவில் மச்சான் கையைத் தூக்கினான். “டீச்சர், அப்ப குரங்கு நமக்கு தாத்தா இல்லியா?”

“தாத்தா இல்ல மாமா. பங்காளி. நமக்கும் அதுக்கும் முப்பாட்டன் ஒண்ணு, ரொம்ப ரொம்ப முன்னாடி.”

“பங்காளின்னா பேச்சுவார்த்தையே இருக்காதே.”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவன் சிரிக்காமல் நின்றான். “சரி. எல்லாத்தையும் ஆண்டவர் படைச்சார்ன்றது?”

“அத ஒங்க சபையில கேளுங்க, இல்ல எங்க ஃபாதர்கிட்ட கேளுங்க. நானும் ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறவதான். எப்டி மாறுச்சுன்னுதான் இந்தப் பாடத்துல இருக்குது. யாரு, எதுக்குன்னு இதுல இல்ல. இல்லாதத நான் நடத்த மாட்டேன், இருக்கறத விடவும் மாட்டேன்.”

மச்சான் உட்கார்ந்தான். ஒத்துக்கொண்டானா என்றால், இல்லை. இன்றுவரை இல்லை. ஆனால் டிசி என்ற பேச்சை விட்டுவிட்டான். “பரீட்சையில டீச்சர் சொன்னத எழுது, வீட்டுல என்கூட முட்டி போடு” என்று பையனிடம் சொன்னதாகக் கேள்வி. மற்றவர்களும் பிள்ளைகளை மாற்றவில்லை. என் மகள் அதே வகுப்பில்தான் நிற்கிறாள்.

மண்ணைப் பிசைந்தவர் அன்றைக்கே கை கழுவிவிட்டாரா, இன்னும் பிசைந்துகொண்டிருக்கிறாரா என்று பூசையில் முட்டிபோடும்போது நினைத்துக்கொள்கிறேன். இது தீர்ப்பு அல்ல. இந்த விஷயத்தில் நடுவர் நாற்காலியை விட்டு நான் இறங்கியாயிற்று. நன்றி மட்டும் சொல்கிறேன். பாட்டிலை மேசையில் வைத்த விவசாயிக்கு, பிடிவாதம் பிடித்த மச்சானுக்கு, கறியை வைத்து மிரட்டிய என் மனைவிக்கு. புகையானுக்கு நன்றி சொன்ன உரக்கடைக்காரன் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். யார் தயவும் இல்லாமல் வந்தேன் என்று இனி மேடையில் சொல்வதாக இல்லை. வந்தது நான்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கையில் இருந்த நல்ல பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தது என் மகள் படித்த பாடம்.

அன்று மணி அடித்ததும் பிள்ளைகள் எழுந்து, “தேங்க் யூ டீச்சர்” என்று ராகமாக இழுத்தார்கள். பெஞ்சிலிருந்து உடம்பை உருவிக்கொண்டு நானும் எழுந்தேன். மச்சானின் சட்டைக் காலரைப் பிடித்து எழுப்பி நிறுத்தினேன். நாங்கள் சொல்லி முடிக்கும்போது மற்றவர்கள் சொல்லி முடித்திருந்தார்கள். அதனால் எங்கள் இரண்டு குரலும் தனியாகக் கேட்டது. என் மகள் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டே, “ஒக்காருங்க” என்றாள்.