பைண்டிங் அலமாரியில் பதினொரு சித்திகள்

நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘அடுத்தது அக்கா’. ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த கையோடு அடுத்தது எங்கே என்று நிற்பார்கள். அவளும் சளைக்காமல் எடுத்துக் கொடுப்பாள். வயது நாற்பத்தொன்று. தம்பி வீட்டு மாடியில் ஓர் அறை. இன்னும் கல்யாணம் ஆகவில்லையே என்று யாராவது உச்சுக்கொட்டினால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எதிர்ச்சாரி நாடக அரங்கில் ஒரு தேவதைக் கதையைப் பாட்டும் ஆட்டமுமாகப் போட்டார்கள். கூட்டமான கூட்டம். அதில் ஒரு சித்தி, மூத்தாள் மகளின் நிழலைக் கத்தரியால் வெட்டிப் பெட்டியில் பூட்டிவிடுவாள். பார்த்த பிள்ளைகளெல்லாம் நேரே நூலகத்துக்கு ஓடிவந்து அதே மாதிரி புத்தகம் கேட்டார்கள். அக்கா வழி தனி. நாடகத்தில் யாரைப் பிடித்தது என்று கேட்கமாட்டாள். யாரைக் கண்டால் ஆகவில்லை என்று கேட்பாள். ராஜா ஆகவில்லை என்றவனுக்கு, ஆடு மேய்க்கிறவள் அரசனை வழக்கில் தோற்கடிக்கும் கதை. காடு பயமாக இருந்தது என்றவளுக்கு, காட்டில் வழி தவறி அங்கேயே பள்ளிக்கூடம் கட்டிய பிள்ளைகளின் கதை. கணிப்பு பெரும்பாலும் தப்பாது.

அரங்கத்து விளக்குக்காரரின் மகளும் வந்தாள். பத்து வயது. நாடகத்தைப் பதினாலு தடவை பார்த்தவள். அந்த நிழலை மேடையில் விழவைப்பதே அவள் அப்பாதான். அம்மா இறந்து மூன்று வருடம். அக்காவின் கேள்விக்கு அவள் யோசிக்கவே இல்லை.

“சித்தியத்தான். அந்த மாதிரி சித்தி வர்ற கதையெல்லாம் வேணும்.”

இன்னும் ஆறு வாரத்தில் இந்தப் பெண்ணுக்குச் சித்தியாகப் போகிறவளே அக்காதான். விளக்குக்காரரும் அவளும் பேசி முடித்துவிட்டார்கள். மகளிடம் சொல்கிறேன், சொல்கிறேன் என்று அந்த மனுஷன்தான் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். மேடை முழுக்க வெளிச்சம் போடத் தெரிந்தவருக்கு வீட்டில் வாயைத் திறக்க வரவில்லை. என்ன மனுஷனோ!

அக்கா அன்றைக்கு ஒரு கடல் கதையைக் கையில் திணித்து அனுப்பினாள். பெண் போனதும், இருபது வருடத்தில் செய்யாத காரியத்தைச் செய்தாள். கொடுமைக்காரச் சித்தி வரும் பதினொரு புத்தகங்களையும் உருவி, ‘பைண்டிங்குக்கு’ என்று சீட்டுச் செருகி, பதிவேட்டிலும் எழுதி, பழுது பார்க்கும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பிஞ்சு மனதில் நஞ்சு ஏறக்கூடாது பாருங்கள் என்று தனக்குத்தானே சமாதானம் வேறு. அதெல்லாம் பூசி மெழுகுவது. அவளுக்குப் பயம், அவ்வளவுதான். இந்தப் பெண் தன்னை வேண்டாமென்றால் கல்யாணத்தை விட்டுவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

பெண் லேசுப்பட்டவள் இல்லை. கடல் கதையை இரண்டே நாளில் முடித்துவிட்டு வந்து பதிவேட்டைத் தானே குடைந்தாள். சித்தி வரும் புத்தகம் ஒவ்வொன்றும் பைண்டிங்கில் இருந்தது. அக்கா பசை எடுக்க அந்த அலமாரியைத் திறந்தபோது பின்னாலேயே வந்து நின்றாள்.

“ஒண்ணுகூடக் கிழியலையே. எதுக்கு ஒளிச்சு வச்சீங்க?”

கையும் களவுமாக மாட்டிக்கொண்டவள் பசை டப்பாவைக் கீழே வைத்தாள். பெண் அவள் முகத்தையே பார்த்தாள். அப்பா இப்போதெல்லாம் சட்டைக்கு இஸ்திரி போடுவது, நூலகத்துக்குப் போ போ என்று துரத்துவது எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்திருப்பாள் போல.

“நீங்கதானா?”

“ஆமாம்மா. உங்கப்பா சொல்லட்டும்னு இருந்தேன். இதையெல்லாம் படிச்சா என்னை வெறுத்துடுவியோன்னு பயந்துட்டேன். மறைச்சது தப்புதான்.”

மூன்றுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது விதி. அக்கா பதினொன்றுக்கும் முத்திரை குத்திக் கொடுத்தாள். பெண் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போனாள்.

ஒன்பது நாள் ஆள் அரவமே இல்லை. அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விளக்குக்காரர் வந்து ஏதோ மென்று முழுங்கினார். உங்கள் வாய் பூட்டிக் கிடந்ததுதான் இத்தனைக்கும் காரணம் என்று அவரை ஒரு வாங்கு வாங்கிவிட்டாள். கல்யாணத்தை மறந்துவிடலாம் என்று சொல்லவும் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அலமாரிக்குப் பின்னால் போய் அழுதாள்.

பத்தாம் நாள் சாயங்காலம் பெண் வந்து புத்தகங்களை மேஜையில் இறக்கினாள்.

“எல்லாம் படிச்சிட்டேன். இதுல ஒரு சித்திகூடத் தப்புன்னு ஒத்துக்கல.” கொஞ்சம் நிறுத்தினாள். “நானும் ஒண்ணை ஒளிச்சு வச்சிருக்கேன். எங்கம்மா போட்டோ. நீங்க வந்தா கழட்டிடுவீங்கன்னு. சுவர் காலியா இருக்கு, அப்பா ஏன்னு கேக்கவே இல்ல.”

அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

“நான் வந்தாலும் வராட்டியும் அது அங்கதான் இருக்கணும். இன்னிக்கே மாட்டிடு.”

“நேரா இருக்கான்னு யாராவது பாக்கணுமே. நீங்க வர்றீங்களா?”

அந்த வீட்டுக்குள் அக்கா அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கால் வைத்தாள். பெண் தன் துணிப்பெட்டிக்கு அடியிலிருந்து போட்டோவை எடுத்து, நாற்காலி மேல் ஏறி ஆணியில் மாட்டினாள். விளக்குக்காரர் கதவோரம் கண்ணைத் துடைத்தபடி நின்றார். அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அந்த அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். இடது பக்கம் கொஞ்சம் இறக்கு என்றாள். பெண் இறக்கினாள்.