அப்பாவின் காது மிஷின்

அப்பா கோரிமேடு பக்கம் போகும் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வேலையை விட்ட பிறகு காது மெல்ல அடைத்துக்கொண்டே வந்தது. அம்மா போனபின் வீட்டில் அவரும் நானும்தான். புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கும் வேலையை நான் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். எல்லாம் ஒரு பழைய லேப்டாப்பில், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸில்.

அப்பாவுக்கு நான் வாங்கிய காது மிஷின் சுண்டைக்காய் அளவுதான். காதுக்குள் வைத்தால் வெளியே தெரியாது. ஆனால் அதன் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் கம்பெனியின் இணையதளத்துக்குப் போய், ப்ளூடூத்தில் இணைக்க வேண்டும் என்பது பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. என் போன் பழசு என்று அந்தத் தளம் திறக்கவே இல்லை. லேப்டாப்பில் திறந்தது. ஆனால் 'உங்கள் பிரவுசரில் இது இயங்காது' என்றது.

சென்னையில் இருக்கும் அண்ணனிடம் போனில் சொன்னேன். ஊரில் யாரிடமும் இல்லாத லினக்ஸை வைத்துக்கொண்டு ஏன் மாரடிக்கிறாய் என்று சிரித்தான். ஒரு நல்ல லேப்டாப்பை அவன் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

வேறு பிரவுசர் போட்டேன். லினக்ஸில் அதன் ப்ளூடூத் வசதி அணைந்தே கிடந்தது. அமைப்புகளுக்குள் தேடிப்பிடித்து இயக்கினேன். அப்போதும் மிஷின் கண்ணில் படவில்லை. லேப்டாப்பின் ப்ளூடூத் அரதப்பழசு. யூ.எஸ்.பி.யில் செருகும் ப்ளூடூத் ஒன்று வாங்கி வந்தால், அதற்கு வேண்டிய ஃபைல் ஒன்று கணினியில் இல்லை. அதையும் இறக்கிப் போட்ட பிறகு, ஒரு மத்தியானம், மிஷினின் பெயர் திரையில் வந்தது. நான் மெதுவாகச் சத்தத்தைக் கூட்டினேன். அப்பா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினார். தெருவில் யாரோ கோலமாவு விற்றுக்கொண்டு போனார்கள்.

"அண்ணங்கிட்ட சொல்லாத. ஞாயித்துக்கிழமை வரான் இல்ல, நானே சொல்லிக்கிறேன்" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது முகம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா சொல்வதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அவர் எதிரிலேயே, எப்போதும் பேசுகிற குரலில், என்னிடம் பேச ஆரம்பித்தான். காலாப்பட்டு தாண்டி ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கிறானாம். நான் கண்ணைக் காட்டினேன். அவன் கவனிக்கவில்லை.

"காது கேக்காத மனுசன். அவருக்கு எந்த வீடா இருந்தா என்னா?" என்றான்.

அப்பாவின் கை தட்டில் ஒரு கணம் நின்றது. பிறகு சோற்றைப் பிசைந்தார். முழுவதும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார். கிளம்பும்போது அண்ணன் அவர் காதருகே குனிந்து, போயிட்டு வரேன் என்று கத்தினான். அப்பா தலையாட்டினார்.

அவர்கள் போனதும் மிஷினைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "இதுக்குப் போயி எவ்ளோ கஷ்டப்பட்ட" என்றார். அதில் குத்தல் இல்லை. என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்கட்டுமா என்று அவர் காதருகே போய்ச் சத்தமாகக் கேட்டேன். வேண்டாம் என்று கையை அசைத்தார். அவன் இப்போதும் மாதம் ஒருமுறை வருகிறான். முன்பெல்லாம் அவன் வருகிற அன்று, பெரிய மார்க்கெட்டுக்குப் போய் அவனுக்குப் பிடித்த சங்கரா மீனை அப்பாவே பார்த்து வாங்கி வருவார். இப்போது போவதில்லை.