அத்தையைச் சொல்லாமல் விட்டேன்

ராஜபாளையத்திலிருந்து மதுரை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். மருத்துவமனை நடைபாதையிலும் நாற்காலி கிடைக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டேன். இடது மார்பைக் கட்டியோடு நான்கு வருடத்துக்கு முன்பே எடுத்தாயிற்று. இப்போது வலதில் ஒன்று. பயம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது. மறுபடியும் ஊசி, மறுபடியும் மொட்டைத் தலை, மறுபடியும் துக்கம் விசாரிக்கிறவர்கள்.

முதல் தடவை டாக்டர், குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அம்மாவுக்கு இல்லை, சித்திகளுக்கும் இல்லை. பொய் சொல்லும் எண்ணமே எனக்கில்லை. அப்பாவின் தங்கை எலிசா அத்தை மார்பில் ஆறாத புண்ணோடுதான் போய்ச் சேர்ந்தாள். ஆனால் அவளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. அவள் அந்த வீட்டு ஆள். அவள் கல்லறையும் அங்கேதான்.

இந்தத் தடவை ஓர் இளம் பெண் டாக்டர். தாளில் வட்டமும் சதுரமும் (வட்டம் பெண், சதுரம் ஆண்) போட்டு, அப்பாவுடன் பிறந்தவர்கள் யார், எப்படி இறந்தார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அத்தையின் வட்டத்தில் பேனா நின்றது.

"இதை ஏம்மா அப்பவே சொல்லல?"

"அவியளக் கட்டிக் குடுத்தாச்சே டாக்டர்" என்றேன். சொல்லி முடிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். நானும் கட்டிக் கொடுக்கப்பட்டவள்தானே.

மரபணு வரிசைப் பரிசோதனைக்கு (பிறவியிலேயே உடம்புக்குள் இருக்கும் குறிப்புகளை எழுத்தெழுத்தாகப் படிப்பது) ரத்தம் போயிற்று. சில வாரங்களில் முடிவு வந்தது. மார்பிலும் சினைப்பையிலும் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டுகிற பிறழ்வு ஒன்று எனக்கு இருக்கிறதாம். பெரும்பாலும் அப்பா வழியில் வந்திருக்கும் என்றார் டாக்டர். ஆண் வழியாகவும் இது வரும் என்பதே எனக்குப் புதிது. முதல் தடவையே அத்தையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே சோதித்திருப்பார்கள். இந்தக் கட்டிக்கு முன்னாலேயே விழித்துக்கொண்டிருக்கலாம். அந்த நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

வலது மார்பும் போயிற்று. கீமோ (புற்றணுக்களை அழிக்க நரம்பு வழியே ஏற்றும் மருந்து) முடிந்தபின் சினைப்பைகளையும் எடுத்தார்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் கூடப் பிறந்தவருக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, அவருக்கு இருந்தால் அவர் பிள்ளைகளுக்கும் அப்படியே என்றார் டாக்டர். மம்சாபுரத்தில் இருக்கும் என் தம்பி தேவராஜுக்கு ஒரே மகள், ஜெபா. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். தம்பி தலை நிமிராமல், "அக்கா, நீ இன்னொரு வீட்டுக்குப் போனவ. ஒன் சீக்கு எங்க வீட்டுக்குள்ள ஏன் வரணும்?" என்றான்.

அத்தைக்கு நான் செய்ததைத்தான் அவன் எனக்குச் செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும், தம்பியிடம் சொல்லிவிட்டே, ரிப்போர்ட்டின் நகலை ஜெபாவிடம் கொடுத்தேன். அவள் வாசித்துப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்தாள். இரண்டு மாதம் எந்தப் பேச்சும் இல்லை. உள்ள உறவையும் கெடுத்துக்கொண்டேன் என்றே நினைத்தேன்.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நின்றது. தேவராஜ் ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். முதலில் தன் அப்பாவுக்குச் சோதிக்கட்டும், அவருக்கு இல்லையென்றால் தனக்கும் அது வராது என்று ஜெபா விசாரித்து வைத்திருக்கிறாளாம். அவன் போகாவிட்டால் தானே போவதாகவும் சொல்லிவிட்டாளாம்.

டாக்டர் அவனிடமும் அதே கேள்வியைக் கேட்டார். "எங்க அக்காவுக்கு இருக்கு. எங்க அத்தைக்கும் இருந்துச்சு" என்றான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவனுடைய முடிவு இன்னும் வரவில்லை. உங்களிடமும் யாராவது இப்படிக் கேட்டால், கட்டிக் கொடுத்தவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்றைக்கு ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே, அத்தை சாகும்போது என்ன வயது என்று தம்பி கேட்டான். முப்பத்தொன்பது என்றேன். எனக்கு இப்போது நாற்பத்தொன்பது. சாகும்போது அத்தை இப்போதைய என்னைவிடப் பத்து வயது சின்னவள். என் உடம்பில் எனக்கு முன்னாலேயே இருந்தவள்.